லாம், ணும், கூடாது: லாட்ஜ் கவுண்டரிலும் மருந்துக்கடையிலும் பேச ஆங்கில வாக்கியம் கட்டுவது எப்படி

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், லாட்ஜ் கவுண்டரில் உட்காரும் தம்பி ஒருவர் என் மாலை வகுப்புக்கு வருகிறார். முதல் நாளே சொன்னார்: "சார், ரூம், கீ, அட்வான்ஸ், டவல் எல்லா வார்த்தையும் தெரியும். ஆனா எதிர்ல ஆள் வந்து நின்னா வாக்கியமா வரமாட்டேங்குது."

அவருக்குக் குறைவது பெரிய வார்த்தைகள் இல்லை. கேன், மஸ்ட், யூ, மீ, திஸ், தி மாதிரிச் சின்ன வார்த்தைகள்தான். கேன், மஸ்ட் வகையை மோடல் என்பார்கள். ஐ, மீ, ஹர் எல்லாம் ப்ரோநவுன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் எ, தி, திஸ், மை போன்றவை டிடர்மினர். இந்தப் பெயர்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை, எது எங்கே நிற்கும் என்பது தெரிந்தால் போதும்.

நம் ஊரில் இது ஏன் முக்கியம் என்றால், 1900இல் ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி டாக்டர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை இடம் இன்றைக்கு சி.எம்.சி. என்ற பெரிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் நம்மைப் போல அரைகுறைதான். இரண்டு பக்கமும் அரைகுறையாக இருக்கும்போது, சின்ன வார்த்தை சரியாக விழுந்தால்தான் சொன்னது போய்ச் சேரும்.

முதல் படி: வினையின் வாலைப் பிடியுங்கள்

போகலாம், போகணும், போக முடியும், போகக் கூடாது. அனுமதி, கட்டாயம், தடை எல்லாவற்றையும் தமிழ் வினையின் வாலில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வால் வினைக்கு முன்னால் வந்துவிடும். 'லாம்' என்றால் கேன் அல்லது மே. 'ணும்' என்றால் மஸ்ட், கொஞ்சம் மென்மையாக ஆலோசனை சொல்வதானால் ஷுட். 'முடியும்' என்றால் கேன். 'கூடாது' என்றால் மஸ்ட் நாட்.

மோடலுக்குப் பின்னால் வரும் வினை மொட்டையாக நிற்க வேண்டும். "ஹி கேன் கோஸ்" தப்பு, "ஹி கேன் கோ" சரி. "யூ மஸ்ட் டு பே" தப்பு, "யூ மஸ்ட் பே" சரி. மஸ்ட்டுக்குப் பதிலாக ஹேவ் டு போட்டால் மட்டும் டு வரும், ஆளுக்கேற்ப மாறவும் செய்யும்: "ஹி ஹேஸ் டு பே."

இரண்டாம் படி: யார் என்று சொல்லுங்கள்

இந்த இடத்தில்தான் என் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். டாக்டர் அறை வாசலில் நிற்பவர் "போகலாம்" என்கிறார். யார் போகலாம்? போகிறேன், போகிறார் என்றால் வினையே ஆளைக் காட்டிவிடும். லாம், ணும் ஆளைக் காட்டுவதில்லை. முகத்தைப் பார்த்தும் இடத்தை வைத்தும் நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கில மோடலும் ஆளைக் காட்டாதுதான். ஆனால் அங்கே ஆளைச் சொல்லாமல் வாக்கியம் முடியாது. வெறும் "கேன் கோ" என்றால் கேட்பவர் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். "யூ கேன் கோ", "வி கேன் கோ", "ஹி கேன் கோ" என்று ஆளை முதலில் வையுங்கள். கேள்வி என்றால் மோடல் முன்னால் வரும்: "கேன் ஹி கோ?"

அடுத்தது நம் 'அவங்க'. "அவங்க உள்ளே வரலாமா?" என்று கேட்டால், அது ஒரு பெண்மணியாக இருக்கலாம், நாலு பேராகவும் இருக்கலாம். ஆங்கிலம் பேசும்போது நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். ஒரு பெண்மணி என்றால் "கேன் ஷி கம் இன்?", பல பேர் என்றால் "கேன் தே கம் இன்?" ஒரு நோயாளியோடு ஒரு துணையாளை மட்டும் விடும் வார்டில் தே என்று சொல்லிவிட்டால் குடும்பமே உள்ளே வரப் பார்க்கும். நாம, நாங்க இரண்டுக்கும் வி ஒன்றுதான். அதில் குழப்பம் இல்லை.

மூன்றாம் படி: எனக்கு, என்னால

மோடலுக்கு முன்னால் ஐ, ஹி, ஷி, வி, தே. வினைக்குப் பின்னால் மீ, ஹிம், ஹர், அஸ், தெம். யூ இரண்டு இடத்திலும் யூதான். இதை மனப்பாடம் செய்தவர்கள்கூட "என்னால முடியாது" என்று நினைத்தபடி "மீ கான்ட்" என்று தொடங்குவதைக் கேட்டிருக்கிறேன். காரணம் தமிழ்தான். 'என்னால', 'எனக்கு' என்று நாம் தொடங்கும் இடத்திலும் ஆங்கிலம் 'நான்' என்றே தொடங்கும். என்னால வர முடியாது: "ஐ கான்ட் கம்." எனக்கு இன்னொரு தலையணை வேணும்: "ஐ நீட் அனதர் பில்லோ." அவருக்கு ஸ்ட்ரெச்சர் வேணும்: "ஹி நீட்ஸ் எ ஸ்ட்ரெச்சர்." கடைசி வாக்கியத்தில் 'வேணும்' மட்டும் தனியாக வருவதால் நீட் அங்கே மோடல் இல்லை, முழு வினை. அதனால்தான் நீட்ஸ் ஆனது.

நான்காம் படி: பெயருக்கு முன்னால் ஒரு நாற்காலி

தி எங்கே போடுவது என்று கேட்காத மாணவரே இல்லை. நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. "மாத்திரை வாங்கினேன்", "மாத்திரையை வாங்கினேன்" இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ மாத்திரை. இரண்டாவது நமக்கு இருவருக்கும் தெரிந்த, டாக்டர் எழுதிய அந்த மாத்திரை. அந்த 'ஐ' உருபு செய்யும் வேலையைத்தான் தி செய்கிறது. "ஐ பாட் சம் டேப்லெட்ஸ்", "ஐ பாட் தி டேப்லெட்ஸ்." ஆட்களைச் சொல்லும்போது தமிழ் பெரும்பாலும் 'ஐ' போட்டுவிடும் என்பதால், இந்தச் சோதனையைப் பொருள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப்பெயருக்கு தி வேண்டாம். "தி காட்பாடி" இல்லை, காட்பாடிதான். ஆனால் ஆற்றுக்கு உண்டு: "தி பாலார்."

பெயருக்கு முன்னால் இருக்கும் நாற்காலியில் ஒருவர்தான் உட்கார முடியும். "என்னோட இந்தப் பை" என்று தமிழில் இரண்டும் சேர்ந்து வரும். "மை திஸ் பேக்" என்று ஆங்கிலத்தில் வராது. "மை பேக்" அல்லது "திஸ் பேக்". இரண்டும் வேண்டும் என்றால் "திஸ் பேக் ஆஃப் மைன்". இன்னொன்று: நம் 'இந்த' ஒன்றுக்கும் பலதுக்கும் பொது. ஆங்கிலத்தில் "திஸ் டேப்லெட்", "தீஸ் டேப்லெட்ஸ்". தட் என்பது தோஸ் ஆகும்.

ஐந்தாம் படி: கோத்துப் பாருங்கள்

"இந்த ஃபார்மை அவங்ககிட்ட கொடுக்கிறீங்களா?" பணிவான கேள்வி, அதனால் கேனுக்குப் பதில் குட் (could). கேட்பது உங்களிடம், அதனால் யூ. வினை மொட்டையாக கிவ். வாங்கப்போவது ஒரு பெண்மணி, அதனால் ஹர். அப்புறம் திஸ் ஃபார்ம். "குட் யூ கிவ் ஹர் திஸ் ஃபார்ம்?"

'கொடுங்க' என்பதில் உள்ள 'ங்க' மரியாதை ஆங்கில யூவில் கிடையாது. 'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் அங்கே ஒரே யூ. அந்த மரியாதையைச் சுமப்பது குட்தான். "கிவ் மீ யுவர் ஐடி கார்டு" என்பது பயணக் களைப்போடு வந்து நிற்கும் பெரியவரிடம் 'கொடு' என்று சொன்னதுபோலக் கேட்கும். "குட் யூ கிவ் மீ யுவர் ஐடி கார்டு, ப்ளீஸ்?" என்றால் 'ங்க' வந்துவிட்டது.

தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. "அது அவரோடதா இருக்கணும்" என்பது கட்டாயம் இல்லை, ஊகம். மஸ்ட்டும் அப்படியே இரண்டு வேலை பார்க்கும்: "தட் மஸ்ட் பி ஹிஸ்." எதிர்மறையும் தமிழ் போலவே: அது அவரோடதா இருக்க முடியாது, "தட் கான்ட் பி ஹிஸ்." பெயர்ச்சொல் கூட வராதபோது மை என்பது மைன், யுவர் என்பது யுவர்ஸ், ஹர் என்பது ஹர்ஸ் ஆகும். ஹிஸ் மட்டும் மாறாது.

'வேண்டாம்' என்று வந்தால் நிதானியுங்கள்

இதை மட்டுமாவது மறக்காதீர்கள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்த என் மாணவி, "நாளைக்கு காலையில எதுவும் சாப்பிட வேண்டாம்" என்பதை "யூ டோன்ட் ஹேவ் டு ஈட் எனிதிங்" என்று சொல்லிவிட்டார். அதற்கு அர்த்தம் 'சாப்பிட்டே ஆகணும்னு இல்லை'. கேட்ட அம்மா மறுநாள் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்தார். பரிசோதனை இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போனது, ஊருக்குத் திரும்ப எடுத்த ரயில் டிக்கெட்டும் வீணானது. அந்த அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை.

நம் 'வேண்டாம்' பல நேரம் மென்மையாகச் சொன்ன தடை. வாயைத் திறக்கும் முன் அதை 'கூடாது' என்று மாற்றிப் பாருங்கள். அர்த்தம் கெடவில்லை என்றால் மஸ்ட் நாட் போடுங்கள்: "யூ மஸ்ட் நாட் ஈட் எனிதிங்." 'தேவையில்லை' என்று மாற்றினால்தான் பொருந்துகிறது என்றால் டோன்ட் ஹேவ் டு: "யூ டோன்ட் ஹேவ் டு பே நவ்."

இன்று ராத்திரி செய்ய வேண்டியது

கீழே இருக்கும் மூன்றையும் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதிப் பார்த்தால் மட்டும் போதாது, கவுண்டரில் நிற்கும்போது நாக்குதான் வேலை செய்யணும்.

அவங்க (ஒரு பெண்மணி) இந்த மாத்திரைகளை ராத்திரி சாப்பிடணும். விடை: "ஷி மஸ்ட் டேக் தீஸ் டேப்லெட்ஸ் அட் நைட்."

என்னால அந்த ரூமை இன்னிக்குக் கொடுக்க முடியாது. விடை: "ஐ கான்ட் கிவ் யூ தட் ரூம் டுடே." தமிழில் சொல்லாமல் விட்ட 'உங்களுக்கு' ஆங்கிலத்தில் யூவாக வந்திருப்பதைக் கவனியுங்கள்.

எங்களுக்கு இன்னொரு சாவி கொடுக்கிறீங்களா? விடை: "குட் யூ கிவ் அஸ் அனதர் கீ?"