குப்பை கொட்டுபவர் மீது புகார் தருவது எப்படி? கடலூர்க்காரர்களுக்கான செய்முறை

கெடிலம் கரையோரம் கோழிக்கழிவு மூட்டை கிடக்கிறது. முதலமைச்சர் உதவி மைய எண்ணான 1100-க்கு அழைத்துச் சொல்கிறீர்கள், வண்டி வந்து அள்ளிப் போகிறது, "தீர்வு காணப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. அடுத்த வாரம் அதே இடத்தில் அதே மூட்டை. புகாரில் "அள்ளுங்கள்" என்று மட்டும் இருந்தால், அள்ளியதோடு கோப்பை மூடிவிடுவார்கள். கொட்டியவருக்கு அபராதம் போட வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும், பிடிப்பதற்கான ஆதாரத்தையும் நாமே கொடுக்க வேண்டும்.

படி 1: இடம் யாருடைய எல்லை?

பாதிப் புகார்கள் இங்கேதான் வீணாகின்றன. தவறான அலுவலகத்துக்குப் போன மனு, மேசை மேசையாக மாறுவதிலேயே வாரக்கணக்கில் நாள் போய்விடும்.

மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், தேவனாம்பட்டினம் போன்ற பகுதிகள் 2021-இல் மாநகராட்சியான கடலூரின் எல்லைக்குள் வருகின்றன. இங்கெல்லாம் உங்கள் வார்டு துப்புரவு ஆய்வாளரும் அவருக்கு மேல் மாநகர் நல அலுவலரும்தான் பொறுப்பு. நகரைத் தாண்டிய கிராமம் என்றால் ஊராட்சி மன்றம், அதற்கு மேல் வட்டார வளர்ச்சி அலுவலர். ஆற்றங்கரை, வாய்க்கால், ஏரி என்றால் உள்ளாட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் சேர்த்தே எழுதுங்கள். ஒருவருக்கு மட்டும் எழுதினால், அடுத்தவர் இடம் என்று பதில் வரும். தேசிய நெடுஞ்சாலை ஓரம் என்றால் 1033-க்கு அழையுங்கள்.

புதுச்சேரி சாலையில் கூடுதல் கவனம் தேவை. ஆல்பேட்டையைத் தாண்டிப் பாலம் ஏறினாலும் கங்கணாங்குப்பம் பக்கம் இன்னும் கடலூர் மாவட்டம்தான். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து. அங்கே நம் 1100-ம் செல்லாது, நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தலையிட முடியாது. எல்லையில் கொட்டுபவர்களுக்கு இந்தக் குழப்பம் நன்றாகவே தெரியும். வண்டி எந்த ஊர்ப் பதிவு என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பி.ஒய். 01 வண்டி நம் எல்லைக்குள் கொட்டினால் புகார் நம் பக்கம்தான்.

படி 2: ஆதாரம் எடுப்பது

நான்கு படங்கள் போதும்.

1. தூரத்திலிருந்து ஒன்று: மின்கம்ப எண், பாலம், கடைப் பலகை என ஏதாவது ஓர் அடையாளத்தோடு.
2. கிட்டத்தில் ஒன்று: கழிவின் வகை தெரியும்படி.
3. வண்டியின் எண் பலகை.
4. குப்பையில் கிடக்கும் பில், பார்சல் அட்டை, மருந்துச் சீட்டு. முகவரி தெரிந்தால் வழக்கில் பாதி முடிந்தது. குச்சியால் மட்டும் கிளறுங்கள், கையை வைக்காதீர்கள்.

ஜி.பி.எஸ். மேப் கேமரா செயலியில் எடுத்தால் தேதி, நேரம், இடம் படத்திலேயே பதியும். திறந்த உடனே எடுத்தால் பக்கத்துத் தெரு பதிவாகிவிடும். இடம் சரியாகும் வரை கொஞ்சம் பொறுங்கள். காணொளி என்றால் அடையாளத்தில் தொடங்கி, நிறுத்தாமல் எண் பலகை வரை ஒரே ஓட்டமாக 30 வினாடி. வெட்டி ஒட்டிய காணொளியை எதிர்த்தரப்பு எளிதாக உடைக்கும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் உள்ளே பதிந்திருக்கும் நேர, இட விவரம் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். மூலப் படத்தைப் போனிலிருந்து அழிக்கவே கூடாது: வழக்கு நீதிமன்றம் போனால், பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்று கேட்பார்கள்.

வண்டியை மறிக்காதீர்கள், ஓட்டுநரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கொட்டிக்கொண்டிருக்கும்போதே பார்த்தால் 112-க்கு அழையுங்கள். குவியலுக்குத் தீ வைக்கவும் கூடாது. ஆதாரமும் போகும், நீங்களே குற்றவாளியாகவும் ஆவீர்கள். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

படி 3: மனு எழுதுவது

ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "எங்கள் பகுதியில் ஒரே குப்பை" என்று தொடங்கும் மனுவை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

"பொருள்: ______ சாலை, மின்கம்ப எண் ____ அருகில் கழிவு கொட்டியது. ____ தேதி இரவு ____ மணிக்கு, டி.என். 31 ____ எண் கொண்ட மினி லாரியிலிருந்து சுமார் ____ மூட்டை ______ கழிவு கொட்டப்பட்டது. படங்கள் இணைப்பு. கோரிக்கை 1: கழிவை அகற்றுதல். கோரிக்கை 2: வாகன உரிமையாளரைக் கண்டறிந்து அபராதம் விதித்து, தொகையையும் ரசீது எண்ணையும் எனக்கு எழுத்தில் தெரிவித்தல்."

இரண்டாம் கோரிக்கைதான் மனுவின் உயிர். அது எழுத்தில் இருந்தால், அள்ளியதை மட்டும் காட்டிக் கோப்பை மூடும்போது, பாதிதான் முடிந்திருக்கிறது என்று நீங்கள் சுட்டிக்காட்டலாம்.

படி 4: எங்கே கொடுப்பது

மாநகராட்சி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதே நாளில் 1100-இலும் பதிந்து மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அசைவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில், பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டே கொடுங்கள். குறிப்பிடாவிட்டால் புது மனுவாக முதலிலிருந்து தொடங்கும்.

ஒரே கடையோ பட்டறையோ தொடர்ந்து கொட்டுகிறது என்றால் கோட்டாட்சியருக்கு எழுதலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நேரடியாக உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. நம் ஊரில் இதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு, பயன்படுத்த வேண்டும்.

என்ன தண்டனை கிடைக்கும்?

கையும் களவுமாகப் பிடிபட்டால் உள்ளாட்சியின் துணை விதிப்படி அபராதம், அதற்கு ரசீது. கட்ட மறுத்தால் நோட்டீஸ், பிறகு வழக்கு. கடை என்றால் தொழில் உரிமத்திலும் கை வைக்கலாம். போலீஸ் வழக்கானால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், பொதுத் தொல்லைக்கு 292-ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை, பொதுவழியை மறித்துக் கொட்டியிருந்தால் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை. லாரிக்காரருக்கு இது சில்லறைத் தொகை. அதனால்தான் வண்டியைப் பறிமுதல் செய்யவும் மனுவில் கேளுங்கள். வண்டி நின்றால்தான் வலிக்கும்.

கட்டட இடிபாட்டைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். வாய்க்கால் கரையில் சரியும் ஒவ்வொரு லோடும் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வடியும் வழியை அடைக்கிறது. 2024 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவக் கழிவு வேறு தளம். ஊசி, ரத்தப் பஞ்சு, மஞ்சள் அல்லது சிவப்புப் பை கண்டால் தொடாதீர்கள். முதலில் குத்துப்படுவது தூய்மைப் பணியாளரின் கைதான். பையில் பார்கோடு இருந்தால் அதைத் தெளிவாகப் படமெடுங்கள். எந்த மருத்துவமனை என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். புகார் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் போக வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். மருத்துவக் கழிவைக் கொட்டுபவர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்கவும் தமிழ்நாடு 2025-இல் திருத்தம் கொண்டுவந்தது.

படி 5: பின்தொடர்தல்

ஒரு மாதமாகியும் கோரிக்கை 2-க்குப் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "மனு எண் ____ மீதான கள ஆய்வு அறிக்கை நகல், அபராத ரசீது நகல், கோப்பின் குறிப்புப் பக்க நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது.