ஃபட்ஜ் கிளறும்போது பர்பி பழக்கம் வேண்டாம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேங்காய் பர்பியும் திரட்டுப்பாலும் கிளறிப் பழகியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: எனக்கு ஃபட்ஜ் மட்டும் ஏன் நறநறவென்று போகிறது? பெரும்பாலும் அந்தக் கைப்பழக்கம்தான் காரணம். பர்பியைச் சுருளும் வரை விடாமல் கிளறி, சூட்டோடு தட்டில் கொட்டுவோம். பால், சர்க்கரை, வெண்ணெய் சேர்த்துக் காய்ச்சும் ஃபட்ஜுக்கு இரண்டுமே ஆகாது.

முதலில் பதம். பாகு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா? அதிரசத்துக்குப் பாகு பார்க்கத் தெரிந்தால் போதும். கிண்ணத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கரைந்து பரவினால் இன்னும் நேரம் இருக்கிறது. விரலால் கூட்டினால் உருண்டு, வெளியே எடுத்ததும் மெத்தென்று தட்டையானால் உடனே இறக்கிவிடலாம். கடினமாக உருண்டால் பதம் தாண்டிவிட்டது. ஊட்டிக்காரர்கள் குறிப்பில் இந்த எண் 7 டிகிரி போலக் குறைவாக இருந்தால் அதை இங்கே பின்பற்றாதீர்கள். மலையில் தண்ணீரே 93 டிகிரியில் கொதித்துவிடும், நம் டெல்டா சமவெளியில் 100.

கொதி வருவதற்குள் சர்க்கரை முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய ஒரு பொடி உள்ளே விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பாகும் மணி மணியாகப் பூத்துவிடும். கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள், ஆவியே ஓரத்தைக் கழுவிவிடும். பால் பொங்கும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

இறக்கிய பிறகு செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. கரண்டியைத் தள்ளி வையுங்கள். பாத்திரத்தின் அடி கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 45 டிகிரி அளவுக்கு, ஆறும் வரை தொடவே கூடாது, ஆட்டவும் கூடாது. சூட்டில் கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய மணிகளாகத் திரளும். ஆறிய பிறகு கிளறினால் ஒரே நேரத்தில் கணக்கில்லாத நுண்ணிய மணிகள் உண்டாகும், நாக்குக்கு அவை தெரியாது. அப்புறம் கை வலிக்க அடிக்க வேண்டியதுதான். பளபளப்பு மங்கி, கரண்டி போன தடம் மூடாமல் நின்றதும் நெய் தடவிய தட்டில் கொட்டுங்கள். இன்னும் நாலு சுற்று என்று ஆசைப்பட்டால் பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

வெல்லம் போட்டுச் செய்யலாமா? தாராளமாக. ஆனால் கொதிக்கும் பாலில் ஆரம்பத்திலேயே போட்டால் திரிந்துபோகும். திரட்டுப்பாலுக்குச் செய்வது போலப் பால் நன்றாகக் குறுகிய பிறகு சேருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஃபட்ஜ் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அந்த மாதங்களில் 116 டிகிரி வரை விட்டு, துண்டு போட்டதும் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். கண்டென்ஸ்டு மில்க்கும் சாக்லேட்டும் உருக்கிச் செய்யும் அவசர ஃபட்ஜுக்குப் பாகுப் பதம் தேவையில்லை. சாக்லேட் இறுகுவதால் நிற்கும் பண்டம் அது, சித்திரை வெயிலில் இளகும். அதை ஃபிரிஜ்ஜில் வையுங்கள்.

நறநறத்துப் போனதைத் தூக்கிப் போடாதீர்கள். கொஞ்சம் பால் விட்டு, சிறு தீயில் ஒரு மணிகூட இல்லாமல் கரைத்து, மறுபடி அதே பதத்துக்குக் காய்ச்சி ஆறவிடுங்கள். சரியாக வந்துவிடும்.