பெட்டி வரவில்லை, ஊழியம் நிற்கவில்லை

ஊழியப் பயணத்தில் நாங்கள் வந்து இறங்கிவிட்டோம், பெட்டி வரவில்லை. பிள்ளைகளுக்கான பொம்மைகள், படங்கள் எல்லாம் அதற்குள்தான். குழுவில் எல்லோருக்கும் முகம் தொங்கிப்போனது.

விமான நிலையத்தைவிட்டு வெளியேறும் முன்பே பேக்கேஜ் டேக்கைக் காட்டி, எழுத்தில் புகார் கொடுத்து எண் போட்ட சீட்டு வாங்கிக்கொண்டோம். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி (1999) 21 நாட்களாகியும் வராத பெட்டிக்கு இழப்பீடு கோரலாம் என்பதால் அந்தச் சீட்டு முக்கியம்.

மனதைத் தேற்றியது வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27, 28 அதிகாரங்கள். அப்போஸ்தலர் பவுல் போன கப்பலில் 276 பேர். கப்பல் உடைந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கரையேறிய மெலித்தா தீவில் அவர் விறகு பொறுக்குகிறார், அதிலும் பாம்பு! "நமக்குப் பெட்டி மட்டும்தானே" என்று ஒருவர் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிரவே பழைய சாக்ஸில் பொத்தான் தைத்து ஒரு சிங்கம் செய்தோம். ஒரு கண் நெற்றியில், மற்றொன்று கன்னத்தில். சிங்கக் குகையில் போடப்பட்ட தானியேல் கதையில் அது தலைகாட்டியதும் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். கடைச் சிங்கத்துக்கு இந்த வரவேற்பு கிடைத்திருக்குமா, சந்தேகம்தான்.

அதுமுதல் இரவு ஜெபத்துக்கு முன் 'இன்றைய சொதப்பல்' என்று ஒரு சுற்று. அவரவர் சொதப்பலை அவரவரே சொல்ல வேண்டும். அடுத்தவருடையதைச் சொன்னால் அது கேலியாகிவிடும். களைத்தவரை, பயந்தவரைச் சிரிக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. அவருக்கு முதலில் சாப்பாடும் தூக்கமும்.

இப்போதெல்லாம் பாடப் பொருட்களை ஆளுக்குக் கொஞ்சமாகக் கைப்பையில் பிரித்து வைக்கிறோம்.