வேலிக் கற்றாழையிலிருந்து நார் எடுக்கும் முறை

செட்டிநாட்டுச் செம்மண்ணில் வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறப்பதால், வறட்சியைத் தாங்கி வளர்கிறது. இதன் மடலுக்குள் நீளவாக்கில் ஓடும் நாரில் பெரும்பகுதி, பருத்தியில் இருக்கும் அதே செல்லுலோஸ்தான். ஆனால் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளும் சேர்ந்திருப்பதால் நார் விறைப்பாக இருக்கும். கண்டாங்கிச் சேலைக்கு ஆகாது, கயிற்றுக்கும் கால்மிதிக்கும் பைக்கும் நன்றாக ஆகும்.

முற்றித் தரையை நோக்கிச் சாய்ந்த அடிமடல்களை மட்டும் அறுக்க வேண்டும். குருத்தைச் சுற்றி இருபது மடல்களாவது நின்றால்தான் செடி தொடர்ந்து வளரும். நுனி முள்ளையும் ஓர முட்களையும் முதலில் சீவிவிடுங்கள். மடலின் சாறு பட்டால் தோல் கடுமையாக அரிக்கும் என்பதால், ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

மடல்களை நீரில் ஊறப்போட்டு அழுகவைத்து நார் பிரிக்கும் வழக்கமும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மடலின் சாற்றிலுள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் மீன்களுக்கு நஞ்சாகும். அழுகும்போது நீரின் ஆக்சிஜனும் குறைந்துவிடும். மழைநீரை ஊருணியில் தேக்கிக் காத்து வாழும் ஊரில், நாருக்காக ஒரு நீர்நிலையைக் கெடுப்பது முறையன்று.

ஆகவே அறுத்த அன்றே பச்சையாகச் சுரண்டி எடுப்பதே நல்லது. மடல் வாடினால் சதை நாரோடு ஒட்டிக்கொள்ளும். மடலை மூன்று விரல் அகலக் கீற்றுகளாகப் பிளந்து, பலகையில் வைத்து மரச்சுத்தியால் மெல்லத் தட்டிச் சதையை நசுக்குங்கள். ஒரு முனையைக் காலால் அழுத்திக்கொண்டு, கூர்மழுங்கிய இரும்புத் தகட்டால் நடுவிலிருந்து நுனிவரை இழுத்துச் சுரண்டுங்கள். பிறகு திருப்பி வைத்து மறுபாதியையும் அவ்வாறே செய்யுங்கள். கூரான கத்தி நாரை அறுத்துவிடும். பத்துக் கிலோ மடலுக்கு ஏறக்குறைய 400 கிராம் உலர்ந்த நார்தான் தேறும் என்பதால் பொறுமை தேவை.

எடுத்த நாரை உடனே வாளியில் மூன்று முறை அலசுங்கள். பச்சை நிறம் தங்கினால் காய்ந்தபின் பழுப்பேறும். அலசிய நீரை ஊருணிக்கோ வரத்துக்காலுக்கோ போகவிடாமல் தோட்டத்துக் குழியில் ஊற்றி, சக்கையை எருக்குழியில் சேர்த்துவிடுங்கள். நாரைக் கொடியில் பரப்பி வெயிலில் காயவைத்தால் வெளுத்து வரும். ஈரத்தோடு கட்டிவைத்தால் பூசணம் பிடிக்கும்.

காய்ந்த நாரைச் சீப்பால் வாரி, இரண்டு புரிகளாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே ஒரே பக்கமாக முறுக்கி, பின்னர் ஒன்றோடொன்று எதிர்ப்பக்கமாகச் சேர்த்து முறுக்குங்கள். அப்போது கையை விட்டாலும் கயிறு பிரியாது.