மூடி வைத்த லேப்டாப்பில் சார்ஜ் எங்கே போகிறது?

லினக்ஸ் போட்ட லேப்டாப்பை ராத்திரி மூடி வைத்தால் காலையில் பேட்டரி பாதி காலி, பைக்குள் இருந்து எடுத்தால் அடிப்பக்கம் சுடுகிறது என்றால் உடனே டிஎல்பி என்ற பேட்டரி மிச்சம் பிடிக்கும் நிரலை நிறுவ ஓடாதீர்கள். அது முக்கியமாக மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மிச்சம் பிடிக்கத்தான். உங்கள் தகராறு தூக்கத்தில், அதாவது மூடியதும் மெஷின் போகிற 'சஸ்பெண்ட்' நிலையில்.

முதலில் காலையில் டெர்மினலைத் திறந்து 'ஜர்னல்சிடிஎல் -கே' அடித்து, 'சஸ்பெண்ட் என்ட்ரி', 'சஸ்பெண்ட் எக்ஸிட்' என்ற வரிகளைத் தேடுங்கள். உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்திருந்தால் ஏதோ ஒன்று தட்டி எழுப்புகிறது. பெரும்பாலும் யூஎஸ்பி, அதாவது மவுஸ் ரிசீவர். '/ப்ராக்/ஏசிபிஐ/வேக்அப்' ஃபைலில் எக்ஸ்ஹெச்சி (யூஎஸ்பி கன்ட்ரோலர்) என்று ஆரம்பிக்கும் பெயர் 'எனேபிள்ட்' என்று இருந்தால், ரூட்டாக (அட்மின் அனுமதியோடு) அந்தப் பெயரை அதே ஃபைலில் எழுதினால் அணைந்துவிடும் (மறுபடி எழுதினால் திரும்ப எரியும், யார் யோசித்த டிசைனோ!). ரீபூட் ஆனால் பழையபடி ஆகிவிடும்.

ராத்திரி முழுக்க தூங்கியும் சார்ஜ் போகிறதா? அப்போ தூக்கமே சரியில்லை. '/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' ஃபைலைப் பாருங்கள், சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் உள்ளது. 'எஸ்2ஐடில்' என்றால் கண்ணை மூடிப் படுத்திருக்கிற ஆள் மாதிரி, ஏதாவது ஒரு டிரைவர் சரியாக அடங்கவில்லை என்றாலும் பிராசஸர் ஆழ்ந்த நிலைக்குப் போகாது. 'டீப்' என்றால் ரேமுக்கு மட்டும் கரண்ட் போகும், மற்றது கிட்டத்தட்ட எல்லாம் அணைந்துவிடும்.

இரண்டு பெயரும் அங்கே இருந்தால் அதிர்ஷ்டம். ரூட்டாக 'டீப்' என்று அந்த ஃபைலில் எழுதி, திறந்திருக்கும் வேலையை எல்லாம் சேவ் செய்துவிட்டு ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள், ஏனென்றால் சில மெஷின்கள் இதிலிருந்து எழும்போது கறுப்புத் திரையோடு நின்றுவிடும். அப்படி நின்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் வழி. நன்றாக எழுந்தால் க்ரப் (லினக்ஸைத் துவக்கிவிடும் நிரல்) அமைப்பில் கெர்னல் வரியில் 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்' சேர்த்து, உபுண்டு, டெபியன் என்றால் 'அப்டேட்-க்ரப்' ஓட்டுங்கள்.

'எஸ்2ஐடில்' மட்டுமே இருந்தால் பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கிற அமைப்புத் திரையில்) தேட வேண்டும். சில திங்க்பேடுகளில் 'ஸ்லீப் ஸ்டேட்' என்ற இடத்தில் 'லினக்ஸ்' என்றே ஒரு தேர்வு உண்டு. புது லேப்டாப்கள் பலவற்றில் 'டீப்' வசதியையே எடுத்துவிட்டார்கள். அங்கே மிஞ்சுவது ஹைபர்னேட்தான், அதாவது ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுசாக அணைவது. அதற்கு ரேம் அளவுக்கு ஸ்வாப் (டிஸ்க்கில் ரேமுக்காக ஒதுக்கும் இடம்) வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவக்க விடும் பயாஸ் பூட்டு) போட்டிருந்தால் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் கெர்னல் ஹைபர்னேட் செய்ய விடாது.