கடலோரப் பழைய நகரில் குரூப்பாக ஹாஸ்டலில் தங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, கோட்டை மதிலும் துறைமுகமும் உள்ள ஒரு பழைய நகருக்குக் கிளம்பினால், கையைக் கடிக்காத வழி பெரும்பாலும் பயணிகள் ஹாஸ்டல்தான். ஆனால் குரூப் பயணத்தில் வரும் மனக்கசப்பில் முக்கால்வாசி, பெட்டி கட்டுவதற்கு முன்பே, புக்கிங் செய்யும்போதே தொடங்கிவிடுகிறது.

ஆளாளுக்குத் தனியாகப் புக் செய்வதுதான் அதில் பெரிய தவறு. ஹாஸ்டல்கள் பொதுவாக விற்பது அறையை அல்ல, கட்டிலை. ஒருவர் இன்று, இன்னொருவர் அடுத்த வாரம் என்று பணம் கட்டினால், அவர்கள் கணக்கில் நீங்கள் ஒருவரையொருவர் அறியாத பயணிகள். போய்ச் சேர்ந்த பிறகு ஆறு பேர் நான்கு அறைகளில் சிதறிக் கிடப்பீர்கள். யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து மொத்தமாகப் புக் செய்ய வேண்டும்.

அதற்கும் நேராக ஹாஸ்டலுக்கே எழுதிக் கேட்பது நல்லது. குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் பல ஹாஸ்டல்களில் அது குரூப் புக்கிங் ஆகிவிடும். முன்பணம், ரத்து விதி, மீதிப் பணத்துக்கான கடைசி நாள் எல்லாமே மாறும். தனிப் பயணிக்குக் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு வரை இலவசமாக ரத்து செய்ய முடியலாம். குரூப்புக்கு அந்தக் கெடு பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடலாம். இதைத் தவிர்க்க, பன்னிரண்டு பேரை மூன்று புக்கிங்காக உடைத்துப் போடுகிறவர்கள் உண்டு. எல்லோரும் ஒன்றாக வரவேற்பு மேசை முன்னால் போய் நின்றதும் குட்டு வெளிப்பட்டுவிடும். குரூப்புகளை ஏற்காத இடமாக இருந்தால், அப்போது கட்டில் இல்லை என்று சொல்லவும் அவர்கள் விதியில் இடம் இருக்கும். ராத்திரி நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு வேறு இடம் தேடுவது விளையாட்டு இல்லை.

எழுதிக் கேட்கும்போதே வேறு சிலவற்றையும் கேட்டுவிடுங்கள். பல கட்டில்கள் போட்ட பொது அறையான டார்மிட்டரியை முழுதாக உங்களுக்கே தருவார்களா? கூட 18 வயது நிரம்பாதவர் இருந்தால், அந்நியர்களோடு பகிரும் அறையில் சேர்ப்பார்களா? பல இடங்களில் மாட்டார்கள். சின்னக் குழந்தை இருந்தால் கீழ்க் கட்டிலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். 6 வயதுக்குக் குறைந்த குழந்தையை அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில் படுக்கவைக்கக் கூடாது என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கட்டிலிலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். அப்புறம் வரி. ஐரோப்பாவின் பல சுற்றுலா நகரங்களில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு வரி உண்டு. புக்கிங் தொகையில் அது சேராமல், நேரில் கேட்கப்படலாம். ஒருவருக்குச் சில்லறைக் காசு. கூட்டத்துக்கு மூன்று இரவு என்றால், கணக்கு வைத்திருப்பவர் முகம் மாறும்.

அடுத்தது கட்டடம். 1912இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் ஆல்டெனா கோட்டைக்குள் தொடங்கியதையே உலகின் முதல் இளைஞர் விடுதியாகச் சொல்கிறார்கள். பழைய கட்டடமும் ஹாஸ்டலும் அன்றிலிருந்தே கூட்டாளிகள். படத்தில் பார்க்கக் கல் சுவரும் மர உத்தரமும் அழகுதான். ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் நினைத்தபடி இடித்து லிஃப்ட் வைக்க முடியாது. படி குறுகலாக, செங்குத்தாக இருக்கும். மரத்தளத்தில் மேல் மாடியில் ஒருவர் நடந்தால் கீழே படுத்திருப்பவருக்குக் கேட்கும். முழங்கால் வலி உள்ளவர் ஒருவர் வந்தாலும், எத்தனையாவது மாடி என்று முதலிலேயே கேளுங்கள்.

பெட்டி விஷயமும் இதோடு சேர்ந்தது. குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் போன்ற மதில் நகரங்களில் உள்ளே கார் போகாது. வாசலில் இறங்கி, கல் பாவிய தெருவிலும் படிகளிலும் நடக்கத்தான் வேண்டும். சக்கரப் பெட்டி அங்கே சுமைதான். இழுத்தாலோ, பன்னிரண்டு பெட்டிகளின் சத்தம் அந்தச் சந்து முழுக்க எதிரொலிக்கும். அங்கே வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பது கூட்டமாக வரும்போது எளிதில் மறந்துபோகிறது. முதுகுப்பையே மேல். செக்-இன் பெரும்பாலும் பிற்பகலில்தான் தொடங்கும். காலையிலேயே வந்து சேர்ந்தால் இத்தனை பைகளையும் வைக்க இடம் உண்டா என்றும் விசாரியுங்கள். லாக்கர் இருக்கும், பூட்டு பல இடங்களில் இருக்காது. ஆளுக்கொன்று கொண்டு போங்கள்.

கடலோர நகரம் என்பதால் வரும் தவறு ஒன்று உண்டு: கடலின் நேரத்தைப் பார்க்காமல் திட்டம் போடுவது. எல்லாக் கடற்கரையிலும் இது பெரிய விஷயம் அல்ல. மத்தியதரைக் கடலில் பெரும்பாலும் ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது. ஆனால் பிரான்ஸின் சான் மாலோவில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் 12 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குவதுண்டு. அங்கே கிராண்ட் பே என்ற சிறு தீவுக்குக் கடல் வற்றும்போது நடந்தே போகலாம். தண்ணீர் திரும்பி வந்து பாதையை மூடிவிட்டால், மறுபடி வற்றும் வரை மணிக்கணக்காகத் தீவிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தனி ஆள் சட்டென்று திரும்பிவிடுவார். கூட்டம் அப்படித் திரும்பாது. ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருப்பார், ஒருவர் செருப்பைத் தேடுவார். கடைசியில் வருபவரின் வேகத்தை வைத்துத்தான் நேரம் குறிக்க வேண்டும். நேற்றைய நேரமும் இன்றைக்கு உதவாது, ஏனென்றால் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் நேரம், நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அன்றன்றைய அட்டவணையை வரவேற்பு மேசையில் கேளுங்கள்.

பெரிய சொகுசுக் கப்பல்கள் எந்த நாளில் வருகின்றன என்பதையும் துறைமுக அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் நிற்கும் பகல் நேரத்தில் மதில் மேல் கூட்டம் நெரியும். உள்ளேயே தங்குகிறவர்களுக்கு விடிகாலையும் மாலையும் கையில் இருக்கிறது. அதைத் தூங்கிக் கழித்துவிட்டு, பதினோரு மணிக்கு வரிசையில் போய் நிற்பது வீண்.

சரி, உள்ளே எப்படி இருப்பது? பன்னிரண்டு பேர் சாதாரணமாகப் பேசினாலே தனியாக வந்தவருக்கு அது இரைச்சல். ராத்திரி பத்து, பதினொன்றுக்கு மேல் அமைதி என்று விதி இருந்தால், அது அறைக்கு மட்டுமல்ல. மாடிப்படிக்கும் ஜன்னலுக்குக் கீழே உள்ள சந்துக்கும் சேர்த்துத்தான். விடிகாலைப் பேருந்து என்றால் முந்தைய இரவே பையைக் கட்டிவிடுங்கள். இருட்டில் பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தத்தைப் போல டார்மிட்டரியில் எரிச்சலூட்டுவது வேறில்லை. ஆறு பேர் ஆறு அலாரம் வைக்க வேண்டாம், ஒருவர் வைத்து மற்றவர்களைத் தட்டி எழுப்பினால் போதும். பொதுச் சமையலறையில் நான்கு அடுப்பையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் முன்னதாகவோ பின்னதாகவோ சமைத்துக்கொள்ளலாம்.

ஈரத் துணியைக் கட்டில் கம்பியில் தொங்கவிட வேண்டாம். கடல் காற்றிலும் கல் சுவருக்குள்ளும் அது லேசில் காயாது, கீழே படுப்பவர் மேல்தான் சொட்டும். மணலை வாசலிலேயே உதறிவிடுங்கள். சொந்தப் படுக்கைப் பையை விரிக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து பல ஹாஸ்டல்கள் அதை அனுமதிப்பதில்லை.

கிளம்பும் நாளில் சாவிகளை ஒருவரே வாங்கி எண்ணி ஒப்படைக்கட்டும். விரிப்பைக் கழற்றிப் போட வேண்டுமா என்று முந்தைய இரவே கேட்டுவிட்டால், செக்-அவுட் நேரத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பன்னிரண்டு கட்டில்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.