பி/இ 5 என்றால் மலிவு இல்லை: மெமரி சிப் பங்கில் செய்யக்கூடாதவை

“பி/இ வெறும் ஆறுதான் மாமா, இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்?” மெமரி சிப் பங்கு ஒன்றைக் காட்டி அக்கா பையன் கேட்டான். பங்கின் விலையை ஒரு பங்குக்கான வருட லாபத்தால் வகுத்தால் வருவதுதான் பி/இ. 2018-ல் எனக்கு நானே சொல்லிக்கொண்ட அதே வசனம். எல்லாப் பணத்தையும் ஒரே பங்கில் போடாதே என்கிற வகை அறிவுரைகளை இங்கே விட்டுவிடுகிறேன், அவை அவனுக்கே தெரியும்.

குறைந்த பி/இ-யில் மயங்குவது

அந்த வருடம் இதே துறையில் ஒரு பங்கை வாங்கினேன். பி/இ ஐந்தை ஒட்டி இருந்தது, லாபமோ காலாண்டுக்குக் காலாண்டு ஏறிக்கொண்டிருந்தது. டிசம்பருக்குள் போட்டதில் பாதி போய்விட்டது. மோசடி எதுவும் நடக்கவில்லை, எனக்குத்தான் கணக்குப் புரியவில்லை.

பி/இ-யில் நாம் வகுப்பது கடந்த பன்னிரண்டு மாத லாபத்தால். சோப்புக் கம்பெனிக்கு அது சரி, போன வருட லாபம் அடுத்த வருடமும் ஏறக்குறைய வரும். டி-ரேம், அதாவது கம்ப்யூட்டரும் போனும் வேலை செய்யும்போது பயன்படுத்தும் மெமரி சிப், அப்படியில்லை. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரின் சாதா டி-ரேமும் ஒரே தரநிர்ணயத்தில் வருவதால், வாங்குபவர் விலையைத்தான் பார்ப்பார். ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் இயந்திரத் தேய்மானச் செலவு உண்டு. அதனால் தட்டுப்பாட்டில் ஏறுகிற விலை அப்படியே லாபமாகிறது, சரக்கு தேங்கினால் அதே வேகத்தில் கரைகிறது.

மைக்ரானின் கணக்கையே பாருங்கள். 2018 நிதியாண்டில் நிகர லாபம் சுமார் 1,410 கோடி டாலர், அடுத்த ஆண்டு 630 கோடி. 2022-ல் 870 கோடி லாபம், 2023-ல் 580 கோடி நஷ்டம். லாபம் உச்சியில் இருக்கும்போதுதான் பி/இ அடிமட்டத்தில் தெரியும். நஷ்டத்தில் பி/இ-யே கிடையாது, ஆனால் 2023-ல் நஷ்டம் வந்துகொண்டிருந்தபோதே பங்கு ஏறத் தொடங்கிவிட்டது!

இன்றைக்கும் எரிச்சலூட்டுவது நான் நம்பிய சமாதானம்தான். மெமரி சிப் கம்பெனிகளில் கிமோண்டா 2009-ல் விழுந்தது, எல்பிடா 2012-ல் விழுந்தது, மிச்சம் மூன்று பேர், இனி யாரும் விலையைக் கெடுக்கமாட்டார்கள் என்றார்கள். கிளவுட் கம்பெனிகள் முன்கூட்டியே சரக்கை வாங்கிக் குவித்திருந்ததை நான் யோசிக்கவே இல்லை. இப்போது அந்தச் சமாதானம் எச்பிஎம் வேடத்தில், அதாவது ஏஐ சிப்புகளோடு சேர்த்து வைக்கும் அதிவேக மெமரியின் வேடத்தில் வருகிறது. அதில் உண்மையும் இருக்கிறது: அதே அளவு பிட்டுகளுக்கு (மெமரியின் கொள்ளளவுக்கு) எச்பிஎம், சாதா டி-ரேம் வகையான டிடிஆர்5-ஐப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேஃபரை (சிப்புகள் உருவாக்கப்படும் சிலிக்கான் தட்டை) விழுங்குகிறது, சாதா டி-ரேமுக்கு இடம் குறைகிறது. சரி, அதற்காக ஆறு என்ற பி/இ மலிவாகிவிடாது. நான் இப்போது முதலில் பார்ப்பது விற்காத சரக்குக் கையிருப்பு எத்தனை நாளுக்கு இருக்கிறது, பங்கு விலை புத்தக மதிப்பைப் போல (கடன் போக மிஞ்சும் சொத்தைப் போல) எத்தனை மடங்கு என்பதை.

ஸ்பாட் விலையைத் தினமும் பார்ப்பது

பெரும்பகுதி சரக்கு முன்பே பேசி முடித்த ஒப்பந்த விலையில் போகிறது. ஸ்பாட் விலை, அதாவது அன்றன்றைய சந்தை விலை, திசையைக் காட்டும், அவ்வளவுதான்.

புது ஆலை அறிவிப்பை உடனே சரக்காக எண்ணுவது

ஆலை கட்டி, இயந்திரம் இறக்கி, சிப் வெளியே வர வருடக்கணக்கில் ஆகும். இருக்கும் ஆலையிலேயே அடுத்த தலைமுறை நுட்பத்துக்கு மாறினால் ஒரே வேஃபரில் கூடுதல் பிட்டுகள் கிடைக்கும், கவனிக்க வேண்டியது அது. அப்புறம், குஜராத்தின் சானந்தில் மைக்ரான் அமைத்தது பேக்கேஜிங், சோதனை ஆலை. வேஃபர் அங்கே தயாராவதில்லை. அதையும் டி-ரேம் உற்பத்தித் திறனில் கூட்டிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உற்பத்திக் குறைப்புச் செய்தியில் பதறி விற்பது

குறைப்பு என்றால் தேங்கிய சரக்கு கரையும், விலை தேறும். சாம்சங் 2023 ஏப்ரலில் அப்படி அறிவித்தது. அன்றைக்கு விற்றவர்களிடம் கேளுங்கள்.